சூலத்தை எங்கே தைப்பது?

அமாவாசையன்று திருவண்ணாமலையில் பஸ் ஏறுகிறவன் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு ஏற வேண்டும். நானும் பார்த்தேன். ராகுகாலம் எப்போது முடிகிறது என்பதை மட்டும்.

செஞ்சி பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு கூட்டம் வந்தது. நான் ஏறவில்லை, ஏற்றப்பட்டேன். மஞ்சள் புடவைகளுக்கும் வேப்பிலைக் கொத்துகளுக்கும் நடுவில் மூச்சை மீட்டுக்கொண்டு நடத்துநரிடம் செஞ்சிக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இது மேல்மலையனூர் ஸ்பெஷல், நடுவில் எங்கும் நிற்காது என்றார்.

பதற்றம் வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும். பிறகு வாய் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பிக்கும். "பரவால்லைங்க, எனக்கும் சாமி மேல மரியாதை உண்டு" என்று சொல்லி டிக்கெட்டை வாங்கிக்கொண்டேன்.

என் காலடியில் ஒரு பெரிய பை இருந்தது. பார்வைக்குக் கன்றுக்குட்டி, எடைக்குக் கோழி. உள்ளே நுரைப்பஞ்சு, பெல்ட்டுகள், கொக்கிகள். நின்றுகொண்டு வந்த ஒரு அம்மாள் கேட்காமலே அதன்மேல் உட்கார்ந்தார். உடம்பை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, மெத்தையா? நல்லாதான் இருக்குது" என்றார். அவலூர்பேட்டை வருவதற்குள் அவருடைய உறவினர்கள் எல்லோரும் முறை வைத்து உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். பையை நான் திரும்பக் கேட்டபோது கொஞ்சம் வருத்தப்பட்டார்கள் என்றுகூடத் தோன்றியது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில், துணியை நிற்க வைப்பது. திருப்பூர் கம்பெனிகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளை ஒட்டுப்போட்டு, மேலே பூத்தையல் செய்து, அதிலிருந்து பெட்டி, கூடை, பை, பேனாக் குடுவை என்று எதையாவது எழுப்பி நிறுத்துவேன். மிக்ஸிக்குத் தொப்பி செய்திருக்கிறேன். தண்ணீர் கேனுக்குச் சட்டை தைத்திருக்கிறேன். "ஏனுங்க, நீங்க பண்றதுல ஒண்ணாச்சும் ஒரு மனுசனுக்கு ஆகுமாங்க?" என்று என் மனைவி கேட்பாள். மிக்ஸி நன்றியோடு இருக்கிறது என்று சொல்வேன்.

அதனால்தானோ என்னவோ, அவளோடு படித்த கீதா தொலைபேசியில் அழைத்தபோது நான் யோசிக்காமல் ஒப்புக்கொண்டேன். கீதா விழுப்புரம் பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட். செஞ்சியில் யாழினி என்று ஆறு வயதுக் குழந்தை. புத்தி கூர்மை, கழுத்தும் முதுகும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. யாராவது பிடித்துக்கொண்டால்தான் உட்காருவாள். அவளுக்கென்று வந்த சக்கர நாற்காலி பெரிது, பஸ்ஸிலும் ஏறாது, வகுப்பறைக் கதவிலும் நுழையாது. எந்தச் சாதாரண நாற்காலியிலும் கட்டிவிடக்கூடிய, மடித்தால் பைபோல் தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய துணி இருக்கை ஒன்று வேண்டும். அளவும் படமும் கீதா அனுப்பினாள்.

யாழினியின் அம்மா கஸ்தூரியும் பக்கத்து வீட்டு அஞ்சலையும் கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஆரி வேலை செய்கிறவர்கள். எனவே ஒரு ஏற்பாடு. நான் கெட்டித் துணியில் துண்டுகளை வெட்டி, பின்பக்கம் எண் போட்டு அனுப்புவது. அவர்கள் ஒட்டுத்துணியும் பூத்தையலும் போட்டு வைப்பது. நான் நேரில் வந்து எல்லாவற்றையும் சேர்த்து நாற்காலியாக்குவது. என்ன வேண்டுமானாலும் போடுங்கள், முத்தும் ஜமிக்கியும் மட்டும் வேண்டாம், குழந்தை வாயில் வைத்துவிடும் என்று சொல்லியிருந்தேன். அப்போது அது பெருந்தன்மையாகத் தோன்றியது.

மேல்மலையனூரில் இறங்கியபோது எனக்கு முன்னால் ஒரு ஊரே தலைமுடியை எடுத்துவிட்டு வரிசையில் நின்றது. எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வியர்வையும் சேர்ந்த ஒரு மணம். டீக்கடைக்காரரிடம் செஞ்சிக்கு பஸ் எப்போது என்று கேட்டேன். "ஊரே இங்க வரதுக்கு அடிச்சிக்குது, நீ இங்கருந்து போறதுக்கு வழி கேக்குற" என்றார். வந்தது வந்தாயிற்று, ஆத்தாளைப் பார்த்துவிட்டுப் போகும்படி புத்தி சொன்னார். போனேன். மொட்டைத் தலைகளைத்தான் பார்த்தேன். சந்தனம் பூசிய தலைகள் வெயிலில் ஒரு குயவர் சூளையைத் திறந்ததுபோல் இருந்தன. அங்காளம்மன் அந்தத் தலைகளுக்கு அப்பால் எங்கோ இருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் காகிதப் பொட்டலத்தை நீட்டி மல்லாட்டை சாப்பிடச் சொன்னார். பிரித்தால் அவித்த நிலக்கடலை. எங்கள் ஊரில் இதையே கடலைக்காய் என்போம், இவ்வளவு உப்பும் போட மாட்டோம். இறங்கும்வரை தின்றுகொண்டே வந்தேன். செஞ்சியில் விடுதிக்காரர் சாவியோடு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். சன்னலைத் திறக்கக் கூடாது, கோட்டைக் குரங்குகள் வரும், போன வாரம் ஒருவருடைய மூக்குக்கண்ணாடி போய்விட்டது.

மறுநாள் சனிக்கிழமை. இட்லிக்கு வடகறி கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் இட்லியைப் பொறுத்தவரை நாங்கள் கர்வம் பிடித்தவர்கள். சட்னியில் தேங்காய் குறைந்தாலே முகம் சுளிப்போம். இங்கே மசாலா வாசனையோடு உதிர்ந்துகிடந்த வடகறியில் இட்லியைப் புதைத்துச் சாப்பிட்டபோது அந்தக் கர்வம் சிறிது நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

கஸ்தூரியின் வீடு நெல் மண்டிகளைத் தாண்டி, ஊர் முடிகிற இடத்தில். இடுப்பில் மகளோடு கதவைத் திறந்தார். ஒரு கை குழந்தையின் முதுகில், இன்னொரு கையின் உள்ளங்கை அவள் தாடையின் கீழே. பேசும்போதும் தண்ணீர் கொடுக்கச் சொல்லி உள்ளே இருந்த அஞ்சலைக்குக் குரல் கொடுக்கும்போதும் அந்த இரண்டு கைகளும் இடம் மாறவில்லை. யாழினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தேடியெடுத்து, "தாத்தா" என்றாள்.

நான் மாமா என்று திருத்தினேன். அவள் என் தலையின் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு மறுபடியும் "தாத்தா" என்றாள். கஸ்தூரி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

விஷயம் அவசரம் என்பதை அங்கேதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் யாழினியின் பெயர் இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு ஒருமுறை ஒரு ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவதோடு சரி. தலைமையாசிரியை கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை. ஒரே ஆசிரியர் முப்பது பிள்ளைகளைப் பார்க்கிற வகுப்பில் ஒரு குழந்தையைப் பிடித்துக்கொண்டே இருக்க ஆளில்லை. திங்கட்கிழமை கூட்டிவாருங்கள், மதியச் சாப்பாடு வரை யாரும் பிடிக்காமல் உட்கார்ந்தால் தினமும் வரட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

"உக்காந்துடுவா இல்லண்ணா?" என்று கஸ்தூரி கேட்டார்.

"மகாராணி மாதிரி" என்றேன். காது சூடாக ஆரம்பித்திருந்தது.

துண்டுகளைத் தரையில் விரித்தார்கள். நான் மண்டியிட்டுப் பார்த்தேன். பக்கவாட்டுத் துண்டுகளில் பழைய புடவைக் கரைகளை ஒட்டுப்போட்டுக் கிளியும் கொய்யாவும். முதுகுத் துண்டில் சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றும் தெருவில் யாரோ ஒருவர் கொடுத்த துணி. எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது மூன்றாம் எண் துண்டு. மஞ்சள் பின்னணி, நடுவில் நூலாலேயே எழுப்பிய திரிசூலம், முனையில் எலுமிச்சம்பழம், சுற்றிலும் வேப்பிலை. கையால் தடவினால் ஒவ்வொரு இலையும் தனியாகத் தெரிந்தது. அஞ்சலை போட்டது. யாழினிக்காக அங்காளம்மனை வேண்டிக்கொண்டு, ஒவ்வொரு இலையும் ஒரு வேண்டுதலாக.

நான் ஒவ்வொன்றாகக் குண்டூசி குத்தி நாற்காலியில் பொருத்திக்கொண்டே வந்தேன். முதுகு நின்றது. பக்கங்கள் நின்றன. மூன்றாம் எண்ணை எடுத்தேன். அதை எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். வைத்தேன். வைத்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

அது உட்காரும் இடம்.

அஞ்சலை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அம்மனின் சூலத்தின்மேல் ஒரு குழந்தையை உட்கார வைக்கும் நாற்காலியை நான் கோயம்புத்தூரிலிருந்து வந்து செய்து முடித்திருந்தேன்.

"எக்கா, அத ஏன் அதுல போட்ட?" என்று கஸ்தூரி மெல்லக் கேட்டார்.

"பெரிய துண்டா இருந்துச்சி. அதான் மேல வரும்னு நெனச்சேன். அம்மனுக்கு சின்னத்தையா குடுப்பாங்க?" என்றார் அஞ்சலை.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. தரையில் தட்டையாகக் கிடக்கும்போது பெரிய துண்டுதான் பெரிய மனிதர். எழுப்பி நிறுத்தினால் அதே ஆள்தான் எல்லாருடைய பாரத்தையும் தாங்கிக்கொண்டு கீழே கிடக்கிறார். இந்த மாற்றம்தான் என் தொழிலே. அதைத்தான் நான் அவர்களிடம் சொல்லாமல் எண் மட்டும் போட்டு அனுப்பியிருந்தேன்.

என் வாய் திறந்துகொண்டது. ஒரு ஜமுக்காளம் போட்டு மறைத்துவிடலாம் என்றேன். ஜமுக்காளத்துக்கு அடியில் இருந்தால் அம்மனுக்குத் தெரியாதா என்றார் அஞ்சலை. சூலத்தைப் பிரித்துவிடலாம் என்றேன். வேண்டுதலைப் பிரிப்பார்களா? துண்டை வெட்டிச் சூலத்தை மட்டும் தனியாக எடுத்து முதுகில் வைக்கலாம் என்றேன். கத்தரி படக் கூடாது, தவிர அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா குழந்தை உட்காரும் என்றார். அதற்கு நான் அம்மன் சர்வவியாபி என்று ஏதோ சொன்னேன். அதை இங்கே எழுதாமல் விடுவது எல்லாருக்கும் நல்லது.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. துண்டை வெட்டாமல், தலைக்குப் பின்னால் நிமிர்த்தி, சாமி சிலைக்குப் பின்னால் நிற்கும் திருவாசிபோல் வளைத்து நிறுத்தினால்? மடித்துப் பிடித்துக் காட்டினேன். சூலம் யாழினியின் தலைக்கு மேலே வந்தது. அஞ்சலையின் முகம் மலர்ந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாழினியும் சிரித்தாள். உண்மையிலேயே அந்தக் குழந்தை ஒரு கோயில் விக்கிரகம்போல இருந்தது.

"வாணாம்" என்றார் கஸ்தூரி.

அவ்வளவு நேரம் பேசியதில் இல்லாத ஒரு குரல். நான் கையை இறக்கினேன்.

அமாவாசையன்று மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதையே விட்டுவிட்டதாகச் சொன்னார். கோயிலுக்குப் போகிறவர்கள் குழந்தையின் கையில் காசு வைத்துவிட்டுப் போவார்கள். ஒருத்தி நெற்றியில் குங்குமம் வைத்து, என் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று குழந்தையிடம் குறி கேட்டாளாம். இன்னொருவர் இறங்கும்வரை உச்சுக்கொட்டிக்கொண்டே வந்தாராம். திட்டவும் முடியாது, நல்ல மனசோடு செய்கிறவர்கள்.

"ஒருத்தர் பிச்சக்காரி ஆக்குறாங்க, ஒருத்தர் சாமி ஆக்குறாங்க. ரெண்டும் எனுக்கு வாணாங்கா. பத்தோட ஒண்ணா ஒக்காந்து அ, ஆ எழுதட்டும்."

அஞ்சலைக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா வருத்தமா என்று எனக்குப் புரியவில்லை. துண்டை எடுத்து மடித்து மார்போடு வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு முருங்கைமரம்தான். ஆனால் அவர் வெகுதூரம் போனதுபோல் இருந்தது.

இருக்கைக்கு இப்போது அடிப்பாகம் இல்லை. கெட்டித் துணி தேடிக் கடைத்தெருவெல்லாம் அலைந்தேன். தார்ப்பாய் இருந்தது, சாக்கு இருந்தது. கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பைக் சீட் கவர் தைக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். எந்த வண்டிக்கு என்று கேட்டார். வண்டிக்கு இல்லை, ஒரு பாப்பாவுக்கு என்றேன். அவர் என் வயதை ஒருமுறை பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் அளவை வாங்கிக்கொண்டார். கருப்பு ரெக்சினில், நடுவில் வழுக்காத துணி வைத்து, ஓரத்தில் சிவப்புக் கோடு ஓட்டித் தந்தார். பின்னால் ஏதாவது பைக் கம்பெனியின் முத்திரை போடட்டுமா என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் சொன்னேன்.

அந்த ரெக்சினைப் பார்த்ததும் கஸ்தூரி ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"சில நேரத்துல அவளுக்குத் தெரியாம ஒண்ணுக்குப் போயிடுவா. அவ்ளோ வேலப்பாடு செஞ்சத தெனம் எப்டி தொவைக்கிறதுன்னு மனசுல இருந்துச்சி. சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றார்.

நான் சங்கடப்பட்டேன். மிக்ஸிக்கு இந்தப் பிரச்சினை வருவதில்லை.

அன்று மாலை முதன்முறையாக யாழினியை உட்கார வைத்தோம். கீதா வீடியோ அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகு சரி, தலைக்கு இருபுறமும் வைத்த அணை சரி. கஸ்தூரி கையை எடுத்தார். யாழினி ஐந்தாறு மூச்சு நிமிர்ந்திருந்தாள். பிறகு பனைமரம் சாய்வதுபோல் மெதுவாக முன்னால் வந்து மார்புப் பெல்ட்டில் தொங்கினாள். பெல்ட் உறுத்தி அழ ஆரம்பித்தாள். மூன்று முறை முயன்றோம், மூன்று முறையும் அதேதான். முன்னால் சாய்ந்துகொள்ள ஏதாவது வேண்டும், பெல்ட்டை நம்பாதீர்கள், படத்தில் மார்புக்கு முன்னால் ஒரு கோடு போட்டுக் குறித்திருந்தேனே என்றாள் கீதா. குறித்திருந்தாள். அந்தக் கோட்டை நான் அலங்காரக் கரை என்று நினைத்திருந்தேன்.

இரவு மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். திங்கட்கிழமைக்குள் முடியாவிட்டால் இப்படியே ஊரைவிட்டு ஓடிவிடலாமா என்று இருக்கிறது என்றேன். "வாங்க, ஆனா எந்த பஸ்ஸுல ஏர்றீங்கன்னு பாத்து ஏறுங்க" என்றாள்.

ஞாயிறு காலை பதற்றத்தோடு அறையில் உட்கார முடியாமல் கோட்டைக்குப் போனேன். ராஜகிரி மலையை அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்ததுமே முழங்கால்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தன. பாதியில் ஒரு நிழலில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் மூன்று மலைகளையும் ஒரே மதில் தொட்டுத் தொட்டு ஓடுகிறது. வரைபடத்தில் அது ஒரு முக்கோணம். நேரில் அது ஏறுகிறது, இறங்குகிறது, பாறை வந்தால் பாறையையே மதிலாக்கிக்கொண்டு தொடர்கிறது. கட்டியவர்கள் தாளில் கோடு போட்டு அதன்படி கட்டியவர்கள் அல்ல. இருக்கிறதைப் பார்த்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள்.

எதிரே ஒரு வீடளவு உருண்டைப் பாறை சரிவில் நின்றது. எந்த நிமிடமும் உருண்டு என்மேல் வரலாம் என்று என் காது சொன்னது. நகர்ந்து உட்கார்ந்துகொண்டு பார்த்தேன். பின்னாலிருந்து எதுவும் அதைப் பிடித்திருக்கவில்லை. முன்னால், அதன் நெஞ்சுக்குக் கீழே, ஒரு சின்னக் கல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெரும்பாறை அதன்மேல் சாய்ந்து, நிம்மதியாக, எத்தனையோ காலமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. நான் இழுத்துக் கட்டுவதைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தேன். சாய்ந்துகொள்ள இடம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவில்லை.

எழுந்த வேகத்தில் பையிலிருந்த வாழைப்பழத்தை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டது. கொடுத்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

நேராக அஞ்சலை வீட்டுக்குப் போனேன். கஸ்தூரியையும் அழைத்துக்கொண்டேன். இருவரும் முதல்நாளிலிருந்து பேசவில்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. என் யோசனையைச் சொன்னேன். பிறைநிலா வடிவில் ஒரு திண்டு, குழந்தையின் மார்புக்கு முன்னால், நாற்காலியின் இரு கைகளிலும் மாட்டுவதுபோல. அதன்மேல் கைகளை வைத்துக்கொண்டு அவள் சாயலாம், எழுதப் பலகையும் வைக்கலாம். அதற்கு அந்த மூன்றாம் எண் துண்டைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். வெட்ட மாட்டேன், முழுதாக மடித்து உள்ளே இலவம்பஞ்சு திணிப்பேன்.

அஞ்சலை துண்டைத் தரவில்லை. முதலில் என்னை விசாரித்தார். கால் எங்கே வரும்? கீழே. முதுகு? பின்னால். உட்காருகிற இடம்? அதுவும் கீழே, ரெக்சின் மேல். அப்படியானால் அம்மன்? நேர் எதிரே, முகத்தைப் பார்த்தபடி. அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த நாற்காலியை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஒரு கட்டடத்துக்கு அனுமதி தருகிற பொறியாளர்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்.

பிறகு கஸ்தூரியைப் பார்த்தார். "நீ இன்னாமே சொல்ற?"

கஸ்தூரி அந்தச் சூலத்தை விரலால் தொட்டுக்கொண்டே நின்றார்.

"சூலம் உள்பக்கம் இருக்கட்டுங்கா. வெளிய கிளித் துணி வெச்சி மூடிடு. அவ மட்டும் பாக்கட்டும். வேற யாரும் பாக்க வாணாம்."

"அவளுக்குத்தானமே நான் வேண்டிக்கினேன். ஊருக்கா வேண்டிக்கினேன்" என்றார் அஞ்சலை.

அன்று மாலைவரை மூவரும் தைத்தோம். வெட்டாமல் மடித்ததால் துணி நான்கு மடிப்பாகிக் கெட்டியானது. என் ஊசி உடைந்தது. அஞ்சலை தன் ஊசியைத் தந்துவிட்டு, நான் அதை எப்போது உடைப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் கருவாட்டுக் குழம்பும் சோறும் வந்தன. அந்தக் குழம்பின் வாசனை இன்னும் என் அளவு நாடாவில் இருக்கிறது. மனைவி அதை வீட்டுக்குள் விடுவதில்லை.

திங்கட்கிழமை காலை யாழினியை வகுப்பில் இரண்டாவது வரிசையில் நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டினோம். தலைமையாசிரியை நாற்காலியை ஆட்டிப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கஸ்தூரியையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். அவரும் அஞ்சலையும் நானும் சன்னலோரத்தில் நின்றோம். பாடம் நடந்தது. நான் எதையும் கேட்கவில்லை. என் பார்வை முழுதும் ஒரு கழுத்தின்மேல்.

யாழினி மெதுவாக முன்னால் வந்தாள். திண்டு வாங்கிக்கொண்டது. கன்னத்தை அதன்மேல் வைத்துக் கரும்பலகையைப் பார்த்தாள். சிறிது நேரத்தில் அவள் வாயோரத்திலிருந்து எச்சில் வழிந்து, நேராக எலுமிச்சம்பழத்தின் மேலும் சூலத்தின் மேலும் இறங்கியது.

எனக்கு இரண்டு காதுகளும் பற்றிக்கொண்டன. இதைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. அஞ்சலையின் பக்கம் திரும்பாமலே, கழற்றித் துவைக்கிற மாதிரி உறை போட்டுவிடலாம், மாற்று உறை ஒன்றும் தைத்து அனுப்புகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"சும்மா இரு சார்" என்றார் அஞ்சலை. "கொழந்த எச்சில்ல இன்னா தீட்டு."

அதற்குள் உள்ளே ஒரு சலசலப்பு. முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்குழந்தை எழுந்து நின்று யாழினியைக் கைகாட்டியது.

"டீச்சர், அவளுக்கு மட்டும் மெத்த குடுத்துருக்கீங்க. எனுக்கும் வேணும்."

வேறு இரண்டு பிள்ளைகளும் ஆமாம் டீச்சர் என்றார்கள். டீச்சர் மேசையைத் தட்டினார். கஸ்தூரி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டியாக்கா? எம் பொண்ணப் பாத்து ஒருத்தி பொறாமப் படறா" என்றார். சொல்லிவிட்டு, கேட்டது சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்வதுபோல மறுபடியும் உள்ளே பார்த்தார்.

இடையில் ஒருமுறை யாழினி இடப்பக்கம் சரிந்தாள். கஸ்தூரியின் கை தன்னாலே நீண்டு கம்பியில் முட்டியது. உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. யாழினி திண்டை முழங்கையால் ஊன்றி, முனகி, பாதி நிமிர்ந்தாள். முழுதாக இல்லை. ஆனால் அந்தப் பாதியிலேயே இருந்துகொண்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. தலைமையாசிரியை எங்களை நோக்கி வந்தார். நான் சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் தயார் செய்துகொண்டேன். இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்கலாம், இடப்பக்க அணையை உயர்த்தலாம், ஒரு வாரம் தவணை கொடுங்கள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"நாளைக்குத் தட்டும் டம்ளரும் குடுத்து அனுப்புங்க. இங்க இருக்கிறது பத்தல" என்று கஸ்தூரியிடம் சொல்லிவிட்டு, சோறு பரிமாறுகிற இடத்தில் யாரையோ அதட்டப் போய்விட்டார்.

மாலை நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய பஸ் எனக்காகக் காத்திருக்கவில்லை. நாங்கள் பாத்திரக் கடையில் இருந்தோம். கஸ்தூரி ஒரு தட்டைத் தேர்ந்தெடுக்க மூன்று கடைகள் ஏறி இறங்கினார். யாழினி அவர் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னதாக, ஓரம் உயர்ந்த, சோறு வழியாத ஒரு தட்டு. முப்பது பிள்ளைகளின் தட்டுகளோடு கலந்துவிடாமல் இருக்கப் பெயர் வெட்ட வேண்டும். கடைக்காரர் வெட்டும் இயந்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று கேட்டார்.

"யாழினி. ஒண்ணாங் கிளாஸ்."

பெயர் மட்டும் போதுமே, அடுத்த வருஷம் வகுப்பு மாறிவிடுமே என்றார் அவர். நியாயமான பேச்சு.

"மாறட்டும். அப்போ அத அடிச்சிட்டு ரெண்டுன்னு வெட்டிக்கிறேன். இப்ப ஒண்ணாங் கிளாஸ்னு போடுங்க" என்றார் கஸ்தூரி.